முற்றுப்பெறாத போர்க்கப்பல்

தொடங்கிய செயலை முடிப்பவனை உலகம் போற்றுகின்றது. பாதியில் விட்டவனை எள்ளி நகையாடுகின்றது. கோபுரம் கட்ட அடித்தளமிட்டு, முடிக்க இயலாமற் போனவனைக் காண்போர் ஏளனம் செய்வர் என்று நம் ஆண்டவரும் லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் கூறுகின்றார். ஆயின், தொடங்கியதே தொடங்கத் தகாத ஒன்றாயிருந்தால் என் செய்வது? முக்கால் பங்கு வளர்ந்துவிட்ட தீமையை முடித்துவிடுவது துணிவா, நிறுத்திவிடுவது துணிவா? நிறுத்தியவன் மனம் மாறி நிறுத்தினானா, கைப்பொருள் தீர்ந்து நிறுத்தினானா என்று நாம் கேட்க வேண்டுமா? விடை எதுவாயினும், நிறுத்தியதே போதும் என்று அமைந்துவிடலாமா?

மக்களின் சுமைகளைக் கேட்கும் பணியில் இருப்போர்க்கு இக்கேள்விகள் புதியவை அல்ல. குடியை நிறுத்தியவர், வழக்கை நிறுத்தியவர், உடன்பிறந்தானோடு கொண்ட பகையை நிறுத்தியவர் எனப் பலரை நாம் காண்கிறோம். ஏன் நிறுத்தினீர்கள் என்று வினவினால், மருத்துவர் அச்சுறுத்திவிட்டார் என்பார் ஒருவர். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பார் மற்றொருவர். இத்தகைய நிறுத்தங்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

இக்கேள்வியை ஆராய வரலாற்றில் ஒரு கப்பல் நமக்குத் துணைசெய்கின்றது. நீரில் இறங்கியும் தன் பொறியால் ஒருநாளும் ஓடாத கப்பல் அது. பீரங்கி ஏறாத போர்க்கப்பல். அதன் பெயர் ‘டோசா’.

நாகசாகித் துறையில்

ஜப்பானின் தென்மேற்கில், கியூஷூ தீவில், மலைகள் சூழ்ந்த நீண்ட குடாவின் கரையில் அமைந்த நகரம் நாகசாகி. கத்தோலிக்கராகிய நமக்கு அது அந்நியமான பெயரன்று. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் அந்நகரின் குன்றொன்றில் 26 மறைசாட்சிகள் சிலுவைகளில் பிணைக்கப்பட்டு, ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் துறந்தனர். புனித பவுல் மீக்கியும், நம் நாட்டின் வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் இருந்தனர். அதன்பின் வந்த கொடிய தடைக்காலத்தில், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குருக்கள் இன்றியே விசுவாசத்தை மறைவில் காத்த மக்கள், அந்நகரை அடுத்த உராகாமிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர்.

அந்த நாகசாகியின் துறைமுகத்தில்தான், 1920 பிப்ரவரி 16-ஆம் நாள், மிட்சுபிஷி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் ‘டோசா’வுக்கு ஏரா இடப்பட்டது. கப்பலின் முதுகெலும்பாகிய அடித்தண்டையே நம் கடற்கரை மக்கள் ஏரா என்பர். ஷிகோகு தீவில் இருந்த பழைய நாடொன்றின் பெயரே கப்பலுக்குச் சூட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 231 மீட்டர். எடை ஏறத்தாழ 40,000 டன். 41 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பத்துப் பீரங்கிகள் அதில் ஏற்றப்படவிருந்தன. அவை எறியவிருந்த குண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது.

இக்கப்பல் தனியே பிறக்கவில்லை. முதல் உலகப்போர் முடிந்தும் வல்லரசுகளின் அச்சம் முடியவில்லை. அமெரிக்கா மாபெரும் கடற்படைத் திட்டம் ஒன்றை வகுத்திருந்தது. ஜப்பானோ எட்டுப் பெரும் போர்க்கப்பல்களும் விரைந்து செல்லும் போர்க்கப்பல்கள் எட்டும் கொண்ட ‘எட்டு எட்டு’த் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1921-இல் ஜப்பான் அரசின் மொத்தச் செலவில் கடற்படைக்கு மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சென்றது. ஒரு குடும்பத் தலைவன் தன் வருவாயில் மூன்றில் ஒரு பங்கை அண்டை வீட்டானுக்கு எதிராகச் சுவரெழுப்பச் செலவிட்டால், அவன் பிள்ளைகளின் உணவும் கல்வியும் என்னவாகும் என்று நாம் கேட்கமாட்டோமா?

1921 டிசம்பர் 18-ஆம் நாள் ‘டோசா’ விழாக்கோலத்துடன் நீரில் இறக்கப்பட்டது. வழக்கப்படி கப்பலின் முகப்பில் கட்டியிருந்த அலங்காரக் காகித உருண்டை, உரிய நேரத்தில் பிளந்து வண்ணத் தாள்களைச் சொரிந்திருக்க வேண்டும். அது திறக்கவில்லை என்றும், அதனைத் தீய சகுனமாகப் பலர் எண்ணினர் என்றும் சொல்லப்படுகின்றது. சகுனங்களில் நமக்கு நம்பிக்கை இல்லை. எனினும், அக்கப்பலின் முடிவு கடலுக்கு அப்பால் அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்பது உண்மை.

வாஷிங்டனில் ஒரு பட்டியல்

1921 நவம்பர் 11-ஆம் நாள், பெயர் அறியப்படாத போர்வீரர் ஒருவரின் உடல் அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மறுநாள், நவம்பர் 12 அன்று, வாஷிங்டன் நகரில் படைக்குறைப்பு மாநாடு தொடங்கியது. வரவேற்புரையை மட்டுமே எதிர்பார்த்து வந்திருந்தனர் பல நாட்டுத் தூதர்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் எழுந்து, அழிக்கப்பட வேண்டிய கப்பல்களை எண்ணிக்கையோடு அறிவிக்கத் தொடங்கினார். தம் நாட்டிலிருந்தே அவர் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. அமெரிக்கா 30, பிரித்தானியா 19, ஜப்பான் 17. ஆக மொத்தம் 66 கப்பல்கள், 18 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டவை. பல நூற்றாண்டுகளில் கடற்படைத் தலைவர்கள் எல்லாரும் மூழ்கடித்தவற்றைக் காட்டிலும் அதிகமான கப்பல்களை அவர் ஒரே உரையில் மூழ்கடித்தார் என்று அக்காலத்தில் வியந்து பேசினர். அந்தப் பட்டியலில் ‘டோசா’வும், அதன் உடன்பிறப்பாகக் கோபே நகரில் கட்டப்பட்ட ‘காகா’வும் இருந்தன.

ஜப்பானியக் குழுவின் தலைவர் கடற்படை அமைச்சர் கட்டோ டோமோசாபுரோ. 1905-இல் சுஷிமா கடற்போரில் இரஷியக் கடற்படை அழிக்கப்பட்டபோது, வென்ற அணியின் தலைமைத் தளபதிக்கு வலக்கரமாய் நின்றவர். போரை வெறுக்கும் ஞானி என்று அவரை எவரும் சொல்லார். ஆயினும் அவர் கணக்கறிந்தவர். பணமின்றிப் போரில்லை, ஜப்பானுக்குக் கடன் கொடுக்க வல்ல நாடு அமெரிக்கா ஒன்றே, கடன் கொடுப்போனுடனேயே போர் தொடுப்பது எங்ஙனம்? இதுவே அவருடைய கணக்கு. தம் குழுவிலேயே எழுந்த கடும் எதிர்ப்பை மீறி, அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஐந்தைந்து, ஜப்பானுக்கு மூன்று என்ற விகிதத்தை டிசம்பர் நடுவில் அவர் ஏற்றுக்கொண்டார். சில நாள்களிலேயே நாகசாகியில் ‘டோசா’ நீரில் இறங்கியது. வாழப்போவதில்லை என்று தீர்ப்பான குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா நடத்தியது போன்ற நிகழ்ச்சி அது.

1922 பிப்ரவரி 6-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பத்து ஆண்டுகளுக்குப் புதிய பெரும் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்குவதில்லை என்றும், அதன்பின் கட்டப்படுபவையும் 35,000 டன்னைத் தாண்டலாகாது என்றும் முடிவாயிற்று. அதற்கு முந்திய நாள், பிப்ரவரி 5 அன்று, ‘டோசா’வின் வேலை நிறுத்தப்பட்டது. நாகசாகி மறைசாட்சிகள் உயிர்நீத்த அதே நாள்! இத்தகைய நாட்பொருத்தங்களில் மறைபொருள் தேடுவது நம் வழக்கமன்று. எனினும், கொலைக்கருவி ஒன்றின் மீது விழுந்த சுத்தியலின் ஓசை அந்நகரில் அந்நாளில் அடங்கியதை எண்ணும்போது நெஞ்சம் ஒரு கணம் நிற்கத்தான் செய்கின்றது.

கணக்கால் வந்த அமைதி

இந்த நிறுத்தத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு செயலின் நன்மை தீமையை அறிய, செய்யப்படும் செயல், செய்பவரின் நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது நம் அறநெறி இயலின் பழம் போதனை. செயலைப் பார்த்தால் ஐயமில்லை: அழிவுக்கருவியைக் குறைத்தல் நற்செயல். திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர் 1917 ஆகஸ்டு 1-ஆம் நாள் போரிடும் நாடுகளுக்கு விடுத்த மடலில், எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் ஈடாகப் படைக்கலங்களைக் குறைக்க வேண்டும் என்று வேண்டியிருந்தார். அன்று எவரும் செவிமடுக்கவில்லை. 1922 ஜனவரி 22-இல் அவர் மறைந்து இரண்டு வாரங்களில், கடற்படைகளைப் பொறுத்தவரையேனும் அவ்வேண்டுதலின் ஒரு பகுதி கையெழுத்தானது.

நோக்கத்தைப் பார்த்தால்தான் இடர்ப்பாடு எழுகின்றது. பிரித்தானியா போர்க்கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்க மக்கள் மன்றம் மேலும் பணம் ஒதுக்க விரும்பவில்லை. ஜப்பானின் கருவூலம் தளர்ந்திருந்தது. மூவரும் அண்டை நாட்டாரின் மீது கொண்ட அன்பினால் கைகுலுக்கவில்லை. செலவுக்கு அஞ்சியே கைகுலுக்கினர். இத்தகைய அமைதியைப் போலி என்று தள்ளிவிடலாமா?

தள்ளிவிடலாகாது என்பதே நம் கருத்து. பாவத்திற்காக வருந்துவோரிடையே இருவகை மனத்துயர் உண்டு என்று திருச்சபை கற்பிக்கின்றது. இறைவன் மீதுள்ள அன்பினால் எழுவது உத்தம மனத்துயர். பாவத்தின் இழிவை எண்ணியோ தண்டனைக்கு அஞ்சியோ எழுவது நிறைவற்ற மனத்துயர். இப்பின்னதை வெறும் பாசாங்கு என்று சிலர் இகழ்ந்தபோது, 1551-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் அதனை மறுத்தது. நிறைவற்ற மனத்துயரும் இறைவனின் கொடையே. தூய ஆவியாரின் தூண்டுதலே. அது மனிதனை அருளுக்கு ஆயத்தம் செய்கின்றது என்று சங்கம் அறிக்கையிட்டது. அச்சத்தால் குடியை விட்டவன் குடியை விட்டவன்தான். அவன் வீட்டில் இன்றிரவு அடுப்பெரியும். அவன் பிள்ளை அடிபடாது. அதனை அற்பம் என்பவர் பசித்த வீட்டைப் பார்த்தறியாதவர்.

கோபுரம் கட்டுவோனின் உவமையை அடுத்து ஆண்டவர் சொல்லும் மற்றோர் உவமையை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். பதினாயிரம் வீரரை உடைய அரசன், இருபதினாயிரம் பேரோடு வருபவனை எதிர்க்கத் தன்னால் இயலுமா என்று அமர்ந்து சிந்திக்கிறான். இயலாதெனில், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதனுப்பி அமைதிக்கான வழியைத் தேடுகிறான். அந்த அரசனை ஆண்டவர் கோழை என்று கடியவில்லை. கணக்குப் பார்ப்பதை அவர் இகழவில்லை. விவேகம் என்னும் தலையான நற்பண்பின் வேலை அது. கட்டோ டோமோசாபுரோ அந்த அரசனைப் போன்றவர் என்று சொல்வதில் தவறில்லை.

நிறுத்துவதன் விலை

நிறுத்துவது எளிதன்று என்பதையும் நாம் உணர வேண்டும். இவ்வளவு செலவிட்டோமே, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்னும் எண்ணம் மனிதனைத் தவறான பாதையிலேயே தள்ளிச்செல்லும் பெரும் விசை. அந்த மாநாட்டிலும் அது தலைகாட்டியது. தன் ‘முட்சு’ என்னும் கப்பல் முடிந்துவிட்டது என்று வாதாடி ஜப்பான் அதனைக் காப்பாற்றிக்கொண்டது. அதற்கு ஈடாக அமெரிக்கா மேலும் இரு கப்பல்களை முடித்துக்கொள்ளவும், பிரித்தானியா புதிதாக இரண்டைக் கட்டிக்கொள்ளவும் இசைவு பெற்றன. அவ்வாறு வாதாடிக் காக்கப்பட்ட ‘முட்சு’, 1943 ஜூன் 8-ஆம் நாள் தன் நாட்டுக் கடலிலேயே, எதிரி எவரும் அருகில் இல்லாத வேளையில், வெடித்து மூழ்கியது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்னொரு விலையும் உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. கப்பல்கள் நின்றபோது கப்பல் கட்டும் தளங்களிலும் படைக்கலச் சாலைகளிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். மாநாட்டு மேசையில் அமர்ந்தவர்களின் சம்பளம் குறையவில்லை. ஆணி அறைந்தவனின் கூலியே நின்றது. நல்ல முடிவுகளின் விலையைப் பெரும்பாலும் ஏழையே செலுத்துகிறான். ஆதலால் தீயதை நிறுத்துவோர், அத்தீயதை நம்பி உண்டு வந்த எளியோருக்கு மாற்று வழி காணவும் கடன்பட்டவர்கள். சாராயக் கடையை மூடச் சொல்லும் நாமும், அங்குக் கூலிக்கு நின்றவனை மறந்துவிடக்கூடாது. நீதியில்லாத நிறுத்தம் மனக்கசப்பை விதைக்கும்.

இலக்காக நின்ற கப்பல்

இனி ‘டோசா’ என்னவாயிற்று என்று காண்போம். 1922 ஆகஸ்டு மாதம் அது வேறு கப்பல்களால் இழுக்கப்பட்டு நாகசாகியை விட்டுக் குரே கடற்படைத் தளத்திற்குச் சென்றது. 1924 ஜூன் முதல் அதன்மீது குண்டுகளையும் கண்ணிவெடிகளையும் டார்பிடோக்களையும் செலுத்திச் சோதித்தனர். ஒரு பீரங்கிக் குண்டு கப்பலுக்கு ஏறத்தாழ 25 மீட்டர் முன்பாகவே நீரில் விழுந்தது. குறி தவறியது என்று எண்ணும்படி விழுந்த அக்குண்டு, நீருக்கடியில் பாய்ந்து, இரும்புக் கவசத்திற்குக் கீழே கப்பலின் விலாவைத் துளைத்தது. ஆயிரக்கணக்கான டன் நீர் உட்புகுந்தது.

வல்லுநர் அதனைக் கவனமாகக் குறித்துக்கொண்டனர். நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் குண்டுகள் அதன் பயனாக உருவாயின. பின்னாளில் கட்டிய கப்பல்களின் கவசம் நீர்மட்டத்திற்குக் கீழும் நீட்டப்பட்டது. இறுதியாக 1925 பிப்ரவரி 9-ஆம் நாள், பங்கோ நீரிணையில், தான் பெயர் பெற்ற பழைய டோசா நாட்டின் கரைக்கு அருகிலேயே, அடைப்புகள் திறக்கப்பட்டு ‘டோசா’ ஆழ்கடலில் அமிழ்ந்தது.

ஒப்பந்தத்தின் எழுத்து நிறைவேறியது. ஆனால் அதன் உயிர்? அடுத்த போரைத் தவிர்க்க அழிக்கப்பட்ட கப்பலே அடுத்த போருக்குப் பாடநூலாயிற்று. ஜப்பானை மட்டும் நாம் குறை கூறவில்லை. ஏறத்தாழ 76 விழுக்காடு முடிந்திருந்த தன் ‘வாஷிங்டன்’ கப்பலை அமெரிக்காவும் இவ்வாறே சோதனைகளுக்கு இலக்காக்கி, 1924 நவம்பர் 25-இல் மூழ்கடித்தது. ஒப்பந்தம் விட்டுவைத்த இடைவெளியை இரு நாடுகளுமே கண்டுபிடித்தன. பெரும் போர்க்கப்பலாக முடிக்கத் தடையுள்ள உடல்களை விமானந்தாங்கிக் கப்பல்களாக மாற்றலாம் என்பதே அந்த இடைவெளி. 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தில் பழுதுபட்ட வேறொரு கப்பலுக்கு மாற்றாக, அழிக்கப்படவிருந்த ‘காகா’ அவ்வாறு உயிர் பெற்றது. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளுள் அதுவும் ஒன்று. 1942 ஜூன் 4-இல் மிட்வே கடற்போரில் 800-க்கும் மேற்பட்ட மனிதரோடு அது எரிந்து மூழ்கியது.

வாசலில் நின்றுவிட்டவர்கள்

நிறைவற்ற மனத்துயர் ஒரு வாசல் என்றோம். வாசல் என்பது நுழைவதற்கே உரியது; அங்கேயே நின்றுவிடுபவன் குளிர் குறைந்ததும் வந்த வழியே திரும்பிவிடுவான். அந்த ஒப்பந்தம் உலகிற்கு ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளை ஈட்டித் தந்தது. அது சிறு கொடையன்று. அந்த ஆண்டுகளில் உள்ளங்களைச் செப்பனிட வேண்டியவர்கள் என்ன செய்தனர்?

ஐந்துக்கு மூன்று என்னும் விகிதத்தைத் தம் நாட்டின் மீது இடப்பட்ட இழிவு முத்திரையாகவே ஜப்பானியருள் பலர் கருதினர். 1919-இல் பாரிசு அமைதி மாநாட்டில், இனங்களுக்கிடையே சமத்துவம் என்னும் கோட்பாட்டை ஏற்கும்படி ஜப்பான் கேட்டபோது மேலைநாடுகள் மறுத்திருந்தன. ‘டோசா’ குண்டடி பட்டுக்கொண்டிருந்த அதே 1924-இல், அமெரிக்கா ஜப்பானியரின் குடியேற்றத்தை முற்றாகத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. ஒருபுறம் கப்பல்களைக் குறைத்துக்கொண்டே, மறுபுறம் அவமதிப்பைக் கூட்டிக்கொண்டே சென்றால் அமைதி எவ்வாறு வேரூன்றும்? ஜப்பானிலோ கணக்கறிந்த முதியவர்கள் மறைந்தனர். கட்டோ டோமோசாபுரோ 1923-இலேயே காலமானார். செருக்கறிந்த இளையவர்கள் எழுந்தனர். சீன மண்ணில் ஆக்கிரமிப்புத் தொடங்கியது. 1934 டிசம்பரில் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் அறிவித்தது. 1936 இறுதியில் ஒப்பந்தம் காலாவதியாயிற்று.

1938 மார்ச்சு மாதம், ‘டோசா’ பிறந்த அதே நாகசாகித் தளத்தில் மற்றொரு கப்பலுக்கு ஏரா இடப்பட்டது. ‘முசாஷி’ என்னும் அது, ‘டோசா’வைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தது. நகர மக்களின் கண்ணுக்குத் தெரியாதபடி நார்க்கயிற்றால் பின்னிய பெருந்திரைகளால் தளம் மறைக்கப்பட்டது. 1940 நவம்பர் 1-இல் அது நீரில் இறங்கியபோது விழா இல்லை; மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு செய்யப்பட்டனர். 1921-இல் வெளிச்சத்தில் நடந்தது, 1940-இல் இருளில் நடந்தது. மறைத்துச் செய்ய வேண்டியிருக்கும் செயலைக் குறித்து மனச்சான்று ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது என்று நாம் கொள்ளலாம். 1944 அக்டோபர் 24-இல் பிலிப்பைன்சுக் கடலில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களுடன் ‘முசாஷி’யும் மூழ்கியது.

படைக்கலக் குறைப்பு மனிதரின் உள்ளங்களை எட்டாவிடில் முழுமை பெறாது என்று திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1963-இல் அமைதியைக் குறித்து எழுதிய சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். தளத்தில் நிறுத்தப்பட்ட கப்பல் உள்ளத்தில் கட்டப்பட்டுக்கொண்டே இருந்தது என்பதே நாகசாகி தரும் சான்று.

மெல்ல எழுந்த கோபுரங்கள்

அதே நகரில், அதே ஆண்டுகளில், மற்றொரு கட்டடமும் எழுந்துகொண்டிருந்தது. விசுவாசத்திற்காக நாடுகடத்தப்பட்ட உராகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர். 1873-இல் தடை நீங்கியபோது 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை, இறந்துபோயிருந்தனர். திரும்பியவர்கள், தம் முன்னோர் திருவுருவங்களை மிதிக்கும்படி வற்புறுத்தப்பட்ட அதே நிலத்தை வாங்கி, 1895-இல் ஆலயம் எழுப்பத் தொடங்கினர். ஏழை உழவர்களின் காணிக்கையால் அது மெல்ல வளர்ந்தது. 1914-இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டபோதும் கோபுரங்கள் முடியவில்லை. மணிக்கோபுரங்கள் இரண்டும் முற்றுப்பெற்றது 1925-இல்; ‘டோசா’ கடலடிக்குச் சென்ற அதே ஆண்டு. அரசின் பெரும்பொருளால் இரண்டே ஆண்டுகளில் நீரில் இறங்கிய கப்பல் முற்றுப்பெறவில்லை; ஏழைகளின் சிறுகாசால் முப்பது ஆண்டுகள் எழுந்த கோபுரம் முற்றுப்பெற்றது.

கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம். ஆனால் 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்கு உராகாமியின் வானில் அணுகுண்டு வெடித்தது. ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் நின்ற ஆலயம் நொறுங்கியது. அப்பங்கின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகின்றது. உள்ளங்களில் கட்டி முடிக்கப்பட்ட போரின் விலையைச் செலுத்தியவர்கள், பெரும்பாலும் அதனைக் கட்டாதவர்களே.

இன்று ‘டோசா’வை நினைவூட்டுவது ஒரு தீவு மட்டுமே. நாகசாகிக்கு அப்பால் கடலில் இருக்கும் ஹாஷிமா என்னும் நிலக்கரிச் சுரங்கத் தீவு, அக்கப்பலின் உருவத்தை ஒத்திருந்ததால் ‘போர்க்கப்பல் தீவு’ என்று பெயர் பெற்றது. போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் அங்கே கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். 1974-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆளற்ற அடுக்குமாடிகள் இன்றும் கடற்காற்றில் இடிந்துகொண்டிருக்கின்றன. உராகாமி ஆலயமோ 1959-இல் மீண்டும் எழுந்தது. அணுகுண்டில் அழிந்துபோன ஒரு கோபுரத்தின் மணிக்கு ஈடாக, குண்டு வீசிய நாட்டின் கத்தோலிக்கர் காணிக்கை திரட்டிப் புதிய மணி ஒன்றை அளித்தனர். 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் 11.02 மணிக்கு, எண்பது ஆண்டுகளுக்குப் பின் இரு கோபுரங்களின் மணிகளும் ஒன்றாக ஒலித்தன. அந்த மணியை எந்த ஒப்பந்தமும் கேட்கவில்லை. எந்த விகிதமும் வற்புறுத்தவில்லை. கணக்குப் பார்த்து வந்த அமைதிக்கும் மனம் மாறி வந்த அமைதிக்கும் உள்ள வேறுபாடு அதில் ஒலிக்கின்றது.

இனி நாம் தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். தீமையை நிறுத்தியவன் எக்காரணத்தால் நிறுத்தினாலும் அவனை வரவேற்போம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தயங்குபவனுக்கு, முடிக்காமல் விடுவதும் ஒரு பெருமைதான் என்று எடுத்துரைப்போம். ஆனால் அதோடு நின்றுவிடாதிருப்போம். கோபுரம் கட்டுவோனையும் கணக்குப் பார்க்கும் அரசனையும் பற்றிச் சொன்ன ஆண்டவர், தமக்குள்ளதையெல்லாம் விட்டுவிடாதவர் தம் சீடராக இயலாது என்றே அப்பகுதியை முடிக்கிறார். கணக்கில் தொடங்கியது துறவில் முடிகின்றது. அச்சம் ஈட்டித் தரும் காலம் அன்பைக் கற்பதற்காகத் தரப்படும் காலம்.

உடன்பிறந்தாரோடு வழக்கை நிறுத்திவிட்டோம், பேச்சைத் தொடங்கிவிட்டோமா? அயலாரைப் பழிப்பதை நிறுத்திவிட்டோம், மதிக்கத் தொடங்கிவிட்டோமா? கையில் நிறுத்திய கப்பலை உள்ளத்தில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வாஷிங்டனிலும் நாகசாகியிலும் வாழ்ந்து மறைந்தவர்கள் மட்டும் அல்லர், நாமும்தான்.